கங்கோத்ரி – கோமுக் – தபோவனம்: அம்பையிலிருந்து நாலு பேர், வானிலைதான் பயம்

#1 கடனாநதிக்காரன் (அம்பாசமுத்திரம்) · ஆகஸ்ட் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் நாலு பேர், முப்பதைத் தொடப் போகிறவர்கள். செப்டம்பர் கடைசியில் இமயமலையில் கங்கோத்ரி போய், கங்கை கிளம்பும் கோமுக் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே இருக்கும் தபோவனம் வரை ஏறி இறங்கலாம் என்று இருக்கிறோம். போனக்காடு வழியாக அகத்தியர்கூடம் இரண்டு தடவை ஏறியாயிற்று, வெள்ளியங்கிரி மூன்று தடவை. மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கம் மழையில் நனைந்ததற்குக் கணக்கே கிடையாது. பனிக்கட்டியை மட்டும் எங்களில் ஒருத்தரும் ஃபிரிட்ஜுக்கு வெளியே பார்த்ததில்லை.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, இரவு பஸ்ஸில் ரிஷிகேஷ், மறுநாள் உத்தரகாசி. அடுத்த நாள் கங்கோத்ரி, அதற்கடுத்த நாள் போஜ்பாசா, அப்புறம் தபோவனம். அங்கே ஒரு ராத்திரி டென்ட்டில் தங்கிவிட்டு ஒரே மூச்சில் கங்கோத்ரிக்கு இறங்கிவிடுவோம். திரும்பி வர டிக்கெட் உறுதியாகிவிட்டது. அந்த ரயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்பதால் மற்ற எல்லாத் தேதியையும் அதை வைத்தே போட்டோம்.

மழை வருமா, பனி கொட்டுமா, ரெயின்கோட் போதுமா, கைடு அவசியமா என்று போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 அல்வா வாங்க வந்தவன் (நெல்லை சந்திப்பு) · ஆகஸ்ட் 12, இரவு 9.58

சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்ந்து வடக்கு தாழ்ந்துவிட்டது என்று அகத்தியரை இங்கே அனுப்பிச் சரிக்கட்டினார்கள். நீங்கள் நாலு பேர் அங்கே போனால் மறுபடியும் பாரம் மாறிவிடாதா? சும்மா சொன்னேன். போயிட்டு வாங்க, படம் போடுங்க.

#3 ஹவில்தார் (ஓய்வு) (வள்ளியூர்) · ஆகஸ்ட் 13, காலை 5.25

தம்பி, வானிலையை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் அட்டவணையைப் பாருங்கள்.

உத்தரகாசி 1,158 மீட்டர். கங்கோத்ரி சுமார் 3,100. போஜ்பாசா 3,800ஐ ஒட்டி, தபோவனம் 4,450ஐ ஒட்டி. உத்தரகாசியில் தூங்கி எழுந்த பிறகு மூன்றாவது ராத்திரி நீங்கள் தபோவனத்தில் படுக்கிறீர்கள். நடுவில் ஏறுவது ஏறக்குறைய 3,300 மீட்டர்.

பட்டாளத்தில் எங்களை மேலே அனுப்பும்போது 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் ஆறு நாள் வைத்திருப்பார்கள். 15,000 வரைக்கும் நாலு நாள். அதற்கும் மேலே என்றால் இன்னொரு நாலு நாள். முதல் இரண்டு நாள் ஓய்வுதான், ஓட விட மாட்டார்கள். இருபத்திரண்டு வயதில் மாரத்தான் ஓடுகிற பையனுக்கும் சுபேதாருக்கும் ஒரே கணக்கு. பலமாக இருக்கிறவன் வேகமாக ஏறி முதலில் விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். காற்று குறைவு என்பதை உடம்பு கண்டுகொள்ளவே 2,500 தாண்ட வேண்டும். அதனால் அந்த அனுபவம் காலுக்கு உதவும், மூச்சுக்கு உதவாது.

நானும் சியாச்சினில் ஒரு முறை இருந்தவன். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் நிலையில் 19 மெட்ராஸ் பட்டாளத்தின் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியபோது நான் ஊரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியும் சாமானும் உள்ளவர்கள் அவர்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

#4 கடனாநதிக்காரன் · ஆகஸ்ட் 13, காலை 8.10

நன்றி அண்ணாச்சி. ஆனால் எங்களுக்கு லீவே பன்னிரண்டு நாள்தான், அதில் ரயிலிலேயே ஐந்து நாள் போய்விடும். வெள்ளியங்கிரியை ராத்திரியில் ஏறி விடியும்போது இறங்குகிறவர்கள் நாங்கள், மூச்சு நன்றாகவே இருக்கிறது. ஒரு நாள் கூட்டினால் போதாதா?

#5 பொதிகைச் சாரல் (தென்காசி, இப்போது சென்னை) · ஆகஸ்ட் 13, பகல் 1.15

நான் அங்கே போய் தபோவனம் ஏறாமல் திரும்பியவள். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம்.

நாங்கள் ஆறு பேர், ஜூன் முதல் வாரம். போஜ்பாசா போய்ச் சேரும்வரை வெயில் முதுகைச் சுட்டது. மறுநாள் தபோவனம் ஏற வேண்டும். விடியும்போது பாகீரதிச் சிகரங்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டு மணிக்குத் தூறல், ஒன்பதுக்கு அந்தத் தூறலிலேயே பனித்துகள். கைடு ஒரு நாள் பொறுப்போம் என்றார். எங்களில் இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை டெல்லியிலிருந்து விமானம். பொறுத்தால் விமானம் போய்விடும். கைடிடம் சண்டை போட்டு, மூன்று பேர் மேலே போனார்கள். மூன்று பேர் கீழே இருந்தோம்.

பாதி வழியில் திரும்பியவர்கள் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒருத்திக்கு ஜாக்கெட் ஜிப்பைத் தானாக இறக்க வரவில்லை. விரல் இருக்கிறது, ஜிப்பும் இருக்கிறது, இரண்டும் சேரவில்லை. ‘என்னடீ’ என்றால் நாக்குக் குழறுகிறது. கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

நான் பிற்பாடு நிறைய யோசித்தேன். அவர்களை மேலே தள்ளியது ஆசை என்றால்கூட ஒப்புக்கொள்வேன். ஆசை இல்லை, டிக்கெட். மலையில் மழை வருவதும் பனி வருவதும் அதன் இயல்பு. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல உங்களிடம் ஒரு நாள் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லை, தம்பி. மற்ற எல்லாத் தேதியையும் டிக்கெட்டை வைத்துப் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சஹஸ்திர தால் ஏரிக்கு நடந்து போனவர்கள் கதை நினைவிருக்கிறதா? 2024 ஜூன் தொடக்கம், அதே உத்தரகாசிப் பக்கம். கர்நாடகாவிலிருந்து போன 22 பேர் கொண்ட குழு திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். பருவமழை அங்கே தொடங்கியிருக்கவே இல்லை.

#6 மாஞ்சோலை ரோடு (கல்லிடைக்குறிச்சி) · ஆகஸ்ட் 13, மாலை 6.30

பையன் ஒரு கேள்வி கேட்டான், எல்லாரும் சேர்ந்து கருமாதிப் பத்திரிகை வாசிக்கிறீர்கள். நாலுமுக்கு, ஊத்து மழையில் வளர்ந்தவன் நான். அடைமழையில் காக்காச்சி வரைக்கும் நடந்தே போயிருக்கிறோம், அட்டை கடித்த ரத்தத்தோடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையை இவர்கள் இமயமலையில் பார்த்திருப்பார்களா? மழை தெரிந்த ஊர்க்காரனுக்கு மழையைப் பற்றிப் பாடம் வேண்டாம். நல்ல ரெயின்கோட், ஒரு தார்ப்பாய், கொஞ்சம் தைரியம். போய்ட்டு வாங்க தம்பி.

#7 டேராடூன் நெல்லையான் · ஆகஸ்ட் 14, இரவு 11.05

கல்லிடை அண்ணாச்சிக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. நமக்கு மழை தெரியும் என்பதுதான் அங்கே நமக்கு முதல் எதிரி. பன்னிரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

நம்மூர் மழையில் நனைந்தால் என்ன செய்வோம்? ஒரு மரத்தடியில் நிற்போம், தலையைத் துவட்டுவோம், ஒரு சுக்குக் காப்பி, முடிந்தது. மாஞ்சோலை மழைகூட உடம்பை நடுங்க வைக்குமே தவிர ஆளைச் சாய்க்காது. மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறைந்துகொண்டே போகும். அங்கே நனைந்த துணி காயாது. காற்று அடிக்கும். ஒதுங்க மரம் கிடையாது, போஜ்பாசாவுக்கு அப்புறம் கல்தான். உறைபனிக்கு மேலே ஐந்தாறு டிகிரி இருந்தாலே போதும், நனைந்தவனைக் காற்று முடித்துவிடும். பனி கொட்டுவதைவிட இந்தப் பனியோடு கலந்த மழைதான் மோசம். பனி தட்டினால் உதிரும், இது உள்ளே இறங்கும்.

அடுத்தது ஓடைகள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மேலே காட்டுக்குள் பெய்தது, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது, நொடியில் வந்துவிட்டது. நம்மூர்க் காட்டாறு அப்படி, சொல்லாமல் வரும். பனியாற்று ஓடை சொல்லிவிட்டு வரும். காலையில் வெயில் ஏறி, பனி உருகி, பிற்பகலில் பொங்கும். ராத்திரி உறைந்து, விடியும்போது கணுக்கால் அளவுக்குச் சுருங்கிவிடும். தபோவனத்திலிருந்து இறங்கும் ஆகாஷ் கங்கா ஓடையைக் காலை ஆறு மணிக்கு நீங்கள் கல் மேல் கால் வைத்துத் தாண்டலாம். அதே ஓடையை மாலை மூன்று மணிக்கு நின்று பார்க்கத்தான் முடியும். வானம் பளிச்சென்று இருக்கும் நாளில்தான் வெள்ளம் அதிகம் என்பது நம் மண்டைக்கு ஏறக் கொஞ்ச நாள் ஆகும்.

வானமும் அப்படித்தான். நல்ல நாளில்கூடப் பதினோரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலேறும், பிற்பகலில் தூறலோ ஆலங்கட்டியோ இருக்கும். அதனால் இருட்டில் கிளம்பி மதியத்துக்குள் கூடாரத்தில் இருக்க வேண்டும். இதற்கு மேலே ஒன்று உண்டு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் காற்று அமைப்பு, மேற்கத்திய இடையூறு என்பார்கள். அது தனியாக வந்தால் மேலே பனி. பருவமழை ஈரத்தோடு மோதினால் பெரும் நாசம். 2013 ஜூன் 16, 17இல் கேதார்நாத் அப்படித்தான். மழையோடு மேலே சோராபாரி ஏரியும் உடைந்தது. 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை மறுபடி. பருவமழை முடிந்துவிட்டது, நல்ல காலம் என்று நம்பிப் போயிருந்த நடைபயணிகள் லம்காகா கணவாயிலும் சுந்தர்டுங்காவிலும் இறந்தார்கள். நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியும் அந்த ‘நல்ல காலம்’தான். போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை, நானே அந்த மாதத்தில்தான் போவேன்.

பாதையையும் மறக்காதீர்கள். உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், மலைச்சரிவில் வெட்டிய ஒற்றைச் சாலை. 2025 ஆகஸ்ட் 5இல் வெள்ளமும் சேறும் வந்து மூடிய தராலி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நடைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் ரோடு அடைத்தால் இரண்டு நாள் போய்விடும். சாரல் அக்கா சொன்ன டிக்கெட் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#8 அல்வா வாங்க வந்தவன் · ஆகஸ்ட் 14, இரவு 11.20

பனியாறா, பனிப்பாறையா? பேப்பரில் எல்லாம் பனிப்பாறை என்றுதானே போடுகிறான்.

#9 டேராடூன் நெல்லையான் · ஆகஸ்ட் 14, இரவு 11.48

பாறை நின்ற இடத்தில் நிற்கும். இது மெதுவாக நகர்கிறது, ஆறுதான். கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். நகர்ந்துகொண்டே முனையில் உருகிப் பின்வாங்கவும் செய்கிறது. 1936க்கும் 1996க்கும் நடுவில் 1,147 மீட்டர் பின்னால் போயிருக்கிறது. அந்த முனைதான் கோமுக்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் ஏமாற வேண்டாம். காலண்டரில் வருகிற மாதிரி வெள்ளையாக இருக்காது. மேலே முழுக்கக் கல்லும் சரளையும் மண்ணும். அடியில் மட்டும் பச்சையும் நீலமுமாக ஐஸ் தெரியும். வெயில் பட்டதும் அந்தக் கல் உருளும், முனையிலிருந்து வீடு அளவுக்குத் துண்டு உடைந்து விழும். செல்ஃபிக்காகவோ தீர்த்தம் பிடிக்கவோ வாய்க்குக் கிட்டே போகாதீர்கள். முன்பு தபோவனத்துக்குப் பனியாற்றின் மேலேயே குறுக்கே நடப்பார்கள். பிளவுகளும் கல் விழுவதும் கூடிவிட்டதால் இப்போது பலரும் போஜ்பாசாவிலேயே கம்பியில் தொங்கும் தொட்டிலை இழுத்து ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கம் வழியாகப் போகிறார்கள். வழி வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் போனவன் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு போகாதீர்கள், என்னுடையது உட்பட. கைடு வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் இதுதான்.

வனத்துறை அனுமதி தனி. கோமுக் பக்கம் ஒரு நாளைக்கு 150 பேர்தான், முன்கூட்டியே வாங்குங்கள்.

#10 பாளை டூட்டி அக்கா (பாளையங்கோட்டை) · ஆகஸ்ட் 15, காலை 7.30

நைட் டூட்டி முடித்து வந்து வாசித்தேன். நர்ஸ் என்கிற முறையில் கொஞ்சம்.

சாரல் சொன்ன ‘ஜிப் இறக்க வரவில்லை, நாக்குக் குழறியது’ என்பது உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளம். தட்டுத்தடுமாறுவான், முனகுவான், கையில் இருப்பதைத் தவறவிடுவான், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்றும் சொல்வான். சொல்வதை நம்பாதீர்கள். ஈரத் துணி முழுவதையும் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைத்து, தரையிலிருந்து குளிர் ஏறாமல் அடியில் கனமாக எதையாவது விரியுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. பிராந்தி சூடு என்பான் ஒருத்தன், அவன் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கிற சூட்டையும் அது வெளியே விட்டுவிடும்.

உயர நோய் வேறு. தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை வந்தால் அதே இடத்தில் இருங்கள், மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். குடித்தவன் மாதிரித் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே கீழே. உயர நோய்க்குப் போடும் டயாமாக்ஸ் மாத்திரை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். கிளம்பும் முன் டாக்டரிடம் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் அதையும் சொல்லுங்கள். விரல் நுனி மதமதக்கும், ஒன்றுக்கு அடிக்கடி போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மாத்திரை அவசரமாக ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். வெயில் ஊர்க்காரன் என்று அலட்சியம் வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரே நாளில் கண்ணை வீங்க வைத்துவிடும்.

#11 படித்துறை (பாபநாசம்) · ஆகஸ்ட் 15, காலை 10.12

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே. தபோவனத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வைத்தால் வெளியே கஞ்சி, உள்ளே அரிசி. பருப்பை மறந்துவிடுங்கள். அவல், சத்துமாவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டி போதும். குளிரில் கருப்பட்டி கல்லாகிவிடும், ஊரிலேயே உடைத்துப் பொட்டலம் கட்டுங்கள். என் மைத்துனன் அல்வா கொண்டுபோய் ஸ்பூனை வளைத்தான்.

கேஸ் குப்பி ரயிலில் கூடாது. ரிஷிகேஷிலோ உத்தரகாசியிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

#12 வீரவநல்லூர் தறி · ஆகஸ்ட் 15, மாலை 4.40

நம்ம ஈரிழைத் துண்டு, காட்டன் பனியன், இதெல்லாம் எடுத்துப் போகலாமா? கீழே விரிக்கப் பத்தமடைப் பாய் எப்படி?

#13 டேராடூன் நெல்லையான் · ஆகஸ்ட் 15, மாலை 5.05

நெசவு ஊர்க்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பருத்தி வேண்டாம். நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஒன்று. துண்டு தலைக்குக் கட்ட மட்டும். பத்தமடைப் பாய் நம்மூர்த் திண்ணைக்குத்தான் சுகம், அங்கே தண்ணீர் உறிஞ்சாத நுரைப் பாய்தான் வேண்டும். தூங்கும்போது போட ஒரு செட் துணியை நெகிழிப் பைக்குள் கட்டி வைத்து, உயிரே போனாலும் பகலில் அதை எடுக்காதீர்கள்.

#14 மட்டுறுத்துநர் · ஆகஸ்ட் 15, இரவு 8.00

குற்றால நெரிசல் பற்றியும், எந்த ஜாக்கெட் கம்பெனி நல்லது என்பது பற்றியும் வந்த பதினேழு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கங்கோத்ரி மட்டும்.

#15 கடனாநதிக்காரன் · ஆகஸ்ட் 18, இரவு 10.15

நாலு பேரும் ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். ஒருத்தன் கோபித்துக்கொண்டு கிளம்பியே போய்விட்டான், மறுநாள் வந்தான்.

லீவை இன்னும் ஐந்து நாள் நீட்டியாயிற்று. பொய் சொல்லித்தான், என்ன பொய் என்று இங்கே எழுத மாட்டேன். திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறோம். மேலே எல்லாம் சீக்கிரம் முடிந்தால் மிச்ச நாளை ரிஷிகேஷில் கழிப்போம். உத்தரகாசி ஒரு நாள், ஹர்சில் ஒரு நாள், கங்கோத்ரியில் இரண்டு ராத்திரி, போஜ்பாசாவில் இரண்டு, அப்புறம்தான் தபோவனம். வானிலை கெட்டால் காத்திருக்க, வெள்ளை நாள் என்று மூன்று நாள் தனியாக. வழிகாட்டிக்கும் பேசிவிட்டோம்.

சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருத்தன் கேட்கிறான்.

#16 ஹவில்தார் (ஓய்வு) · ஆகஸ்ட் 19, காலை 5.10

சாட்டிலைட் போன் அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. எல்லைப் பக்கம் கொண்டுபோய்ப் பிடிபட்டால் மலையைவிடப் பெரிய சிக்கல். கங்கோத்ரி தாண்டிச் செல்போனையும் நம்பாதீர்கள். எந்தத் தேதிக்குள் பேசவில்லை என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். பேட்டரி, பவர் பேங்கை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுப் படுங்கள்.

இந்த அட்டவணை பரவாயில்லை.

#17 மாஞ்சோலை ரோடு · ஆகஸ்ட் 19, காலை 9.00

ஆகாஷ் கங்கா ஓடை சமாச்சாரம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. ரொம்ப யோசித்தால் வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியாது.

#18 கடனாநதிக்காரன் · அக்டோபர் 14, இரவு 9.30

போய்விட்டு வந்தாயிற்று. தபோவனம் போகவில்லை.

ஹர்சிலில் ஆப்பிள் காய்த்துத் தொங்கியது, நாலு பேரும் ஆளுக்கு ஒரு கிலோ தின்றோம். கங்கோத்ரியில் முதல் ராத்திரி எனக்கே தலை கனமாக இருந்தது, மூன்று தடவை மூச்சுக்காக எழுந்து உட்கார்ந்தேன். வெள்ளியங்கிரி மூச்சு என்று எழுதினேனே, அந்த மூச்சுதான். இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.

போஜ்பாசா வரை பதினாலு கிலோமீட்டர். சீர்பாசா வரை ஊசியிலை மரம் இருக்கிறது, அப்புறம் மரம் குறைந்துகொண்டே போகிறது. நடுவில் மலைச்சரிவிலிருந்து சரளை உருளும் இடம் ஒன்று. அங்கே மட்டும் வழிகாட்டி எங்களைப் பேசவிடாமல், ஒருத்தர் பின் ஒருத்தராக, மேலே பார்த்துக்கொண்டே நடக்க வைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு, எங்கள் இந்தி அவருக்கும் அவர் இந்தி எங்களுக்கும் பாதிதான் புரிந்தது. ஆனால் வானத்தைக் காட்டிக் கையை விரித்தால் ‘பார்க்கலாம்’, கையை மூடினால் ‘இல்லை’. அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் விட்டு மறுநாள் விடியற்காலை கோமுக் பார்வையிடம் வரை நடந்தோம். நெல்லையான் அண்ணன் எழுதியது அப்படியே. கல், மண், சரளை, அடியில் பாட்டில் உடைந்த இடத்து நிறத்தில் ஐஸ். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு விழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, பாறைக்கு வெடி வைத்த மாதிரி. ஒருத்தன் தீர்த்தம் பிடிக்கச் செம்பு கொண்டுவந்திருந்தான், அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் தபோவனம் ஏற வேண்டும். நாலரை மணிக்கு எழுந்தால் நட்சத்திரம் ஒன்றைக்கூடக் காணோம். வழிகாட்டி வெளியே போய் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து கையை மூடினார். ஏழு மணி வரை ஒன்றுமே இல்லை. எங்களுக்கு ஆத்திரம். அந்தக் கோபக்காரன், பெயர் வேண்டாம், ‘வெறும் மேகத்துக்கு நிறுத்துகிறார், இப்போது கிளம்பியிருந்தால் பாதி தூரம் போயிருப்போம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எட்டரைக்கு மழை ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு அதில் வெள்ளை கலந்தது. மதியம் தொட்டிலுக்குப் போகும் பாதையே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் சொன்ன ‘பாதி தூரம்’ எங்கே இருந்திருக்கும் என்று நான் மனதுக்குள் அளந்து பார்த்தேன். சரியாக ஆகாஷ் கங்கா ஓடைப் பக்கம் வருகிறது.

இரண்டு பகல் போஜ்பாசாவில் நாங்கள் தங்கியிருந்த ஆசிரமத்தில் கிடந்தோம். ரொட்டி, பருப்பு, டீ, மறுபடி டீ. வெளியே நாலு விரல் கனத்துக்குப் பனி. முதல் தடவை பனி தொட்ட பிள்ளைகள், அரை மணி நேரம் விளையாடினோம், அப்புறம் கை எரிந்தது. இரண்டாம் நாள் மாலை, எங்களில் ஒருத்தனுக்குத் தலைவலி குறையாமல் வாந்தியும் வந்தது. டூட்டி அக்கா எழுதியதை போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன், தள்ளாட்டம் இல்லை, இருமல் இல்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் கழுவி விட்ட மாதிரி, பாகீரதிச் சிகரங்கள் மூன்றும் பளபளவென்று நிற்கின்றன. வழிகாட்டி கையை விரித்தார். மூன்று பேர் ஏறியிருக்கலாம். கைவசம் இன்னும் ஒரு நாள் இருந்தது.

முதலில் இறங்கலாம் என்றவன் அந்தக் கோபக்காரன்தான். தலைவலிக்காரனின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான். சீர்பாசா வந்ததும் அவனுக்குத் தலைவலி விட்டது. கங்கோத்ரியில் மூன்று பிளேட் சாப்பிட்டான்.

வீட்டில் அம்மாவிடம் கோமுக் படத்தைக் காட்டினேன். ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனே, நம்ம ஊர்க் குவாரி மாதிரில்லா இருக்கு’ என்றாள்.

#19 பாளை டூட்டி அக்கா · அக்டோபர் 15, காலை 7.10

வாந்தி வந்த அன்று மாலையே இறங்கத் தொடங்கியிருக்கலாம். பனி கிடந்த சரிவில் இருட்டில் இறங்குவது அதைவிட ஆபத்து என்று வழிகாட்டி நினைத்திருப்பார், அதுவும் சரி. அந்தத் தம்பியை ஒரு தடவை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அடுத்த முறை ஏறும் முன்.

#20 மாஞ்சோலை ரோடு · அக்டோபர் 15, காலை 8.20

நல்லபடியாக வந்தது சந்தோஷம். ஏறியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. ஆனால் நான் அங்கே இல்லை.

#21 பொதிகைச் சாரல் · அக்டோபர் 15, பகல் 12.50

டிக்கெட்டை மாற்றியதில் எவ்வளவு நஷ்டம், தம்பி?

#22 கடனாநதிக்காரன் · அக்டோபர் 15, பகல் 1.05

நாலு பேருக்கும் பிடித்தம் போக, ஆளுக்கு ஒரு கிலோ அல்வா விலைகூட வரவில்லை அக்கா.

#23 சேர்வலாறு (விக்கிரமசிங்கபுரம்) · அக்டோபர் 19, இரவு 10.30

முழு இழையையும் இன்றுதான் வாசித்தேன். வருகிற மே மாதம் நாங்கள் ஐந்து பேர் இதே வழியில் போகலாம் என்று இருக்கிறோம். போகும் டிக்கெட் மட்டும்தான் போடப் போகிறோம், திரும்புவதை உத்தரகாசி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

#24 ஹவில்தார் (ஓய்வு) · அக்டோபர் 20, காலை 5.15

பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் எத்தனை நாள் லீவு, முதலில் அதைச் சொல்லுங்கள்.